சாமி கட்டுகிற கயிறு

நான் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராகச் சேர்ந்தபோது என் சொந்தக்காரர்களில் ஒருவர்கூட அதை உத்தியோகம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. மனிதருக்கு மருந்து கலக்கினால் கம்பவுண்டர், மாட்டுக்குக் கலக்கினால் மாட்டுக்காரன் என்பது அவர்கள் நினைப்பு. கருங்கல் ஊர்ச் சந்தையில் என் மாமா ஒருவர் நாலு பேர் முன்னால், "என்னா மக்கா, இப்பவும் சாணிதான் வாருகியா? இல்லே சர்க்கார் வேற சோலி தந்தாச்சா?" என்று கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "சாணி வாரத் தனி ஆள் உண்டு மாமா. நான் வாயைப் பிடிச்சு மருந்து ஊத்துகவன். மாமாவுக்கு வேணும்னாலும் வரலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே ராஜ்யமாக இருந்த காலம் அது. எங்கள் ஆஸ்பத்திரி, நாகர்கோவிலில் இருந்து இராஜாக்கமங்கலம் போகிற வழியில், சுற்றிலும் வயல் சூழ்ந்த ஒரு ஊரின் ஓரத்தில் இருந்தது. ஓடு போட்ட இரண்டு அறை, ஒரு வராந்தா, முற்றத்தில் மாட்டை நிறுத்திக் கட்ட ஒரு மரச்சட்டம். பின்சுவரை ஒட்டிக் கொண்டித்தொழு. பிறர் பயிரில் வாய் வைத்த மாடுகளைப் பிடித்து அடைக்கிற இடத்துக்கு அங்கே அதுதான் பெயர். உடையவன் தண்டம் கட்டி மீட்கிற வரைக்கும் மாடு அதற்குள் நிற்கும். கிழடு, நொண்டி, பால் வற்றியது என்று மீட்க ஆளே வராத மாடுகளும் நிற்கும். அவற்றைப் பார்க்க வேண்டும் என்று சர்க்கார் எங்களிடம் சொல்லவில்லை. புதிதாக வந்த டாக்டர்தான் ஒருநாள் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பின்சுவரை உடைத்து ஒரு கதவு வைத்தார். அன்று முதல் தொழுவில் நின்ற மாடுகளும் எங்கள் மாடுகள் ஆயின.

டாக்டர் வடக்கே, திருச்சூர்ப் பக்கத்துக்காரர். மெலிந்த தேகம். காலில் எந்நேரமும் கணுக்கால் மூடிய பூட்ஸ். சாணியிலும் சேற்றிலும் நிற்கிறவருக்கு அது வேண்டியதுதான் என்றாலும் ஊருக்குள் அதைப் பற்றி ஒரு முணுமுணுப்பு இருந்தது. கோயில் பக்கம் போகமாட்டார். ஏன் என்று கேட்டால், "பூட்ஸ் அழிக்கான் மடி" என்பார். கழற்றச் சோம்பல் என்று அர்த்தம். நான் மேற்கே, மலையாளம் புழங்குகிற பக்கத்தவன், அவர் மலையாளம் எனக்குச் சிரமம் இல்லை. ஊர்க்காரர்களுக்கு நான்தான் அதைத் தமிழாக்கிச் சொல்லவேண்டும். என் தமிழையே அவர்கள் பாட்டுப் பாடுகிற மாதிரி இருக்கிறது என்று சிரிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு முரட்டு மாடாக இருந்தாலும், அதன் கயிற்றை உடையவன் கையிலிருந்து வாங்கமாட்டார். "மாடு அவனெ அறியும். என்னெ அறியில்லா" என்பார். உடையவன் பிடித்துக்கொள்ள வேண்டும், அவர் வைத்தியம் பார்ப்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். உடையவன் பயந்துபோய்க் கயிற்றை விட்டுவிட்டால் உதை வாங்குவது கம்பவுண்டர். என் முழங்காலில் ஒரு எருமையின் நினைவு இன்றும் இருக்கிறது. ஆரம்பத்தில் அந்த வழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

தொழுவைப் பார்த்துக்கொண்டது ஒரு அக்கா. பெயருக்கு அவள் புருஷன்தான் காவல். தண்ணீர் கோருவது, வைக்கோல் உதறுவது, மாட்டுக்காரர்களோடு வாய்ச்சண்டை போடுவது எல்லாம் அவள். மாடு ஒன்று உள்ளே நுழைந்தால் முதலில் வாசல் படலைச் சாத்துவாள், பிறகுதான் யார் மாடு என்று பார்ப்பாள். அந்தக் கைப்பழக்கம் ஒருநாள் எங்களை நன்றாக மாட்டிவைத்தது.

அந்த ஊர்ச் சிவன் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை ஒன்று இருந்தது. வெள்ளை நிறம், தொடையில் சூலக்குறி. கன்றாக விட்ட நாள் முதல் அதன்மேல் கயிறு பட்டதில்லை, மூக்கும் குத்தவில்லை. சாமி மாட்டைக் கட்டக்கூடாது என்பது ஊர்க்கட்டு. யார் வயலில் இறங்கினாலும் வாயால்தான் விரட்டுவார்கள், கம்பை ஓங்கமாட்டார்கள். காலையில் வீடு வீடாகப் போய் நிற்கும், கழுநீர் வைக்காமல் யாரும் அனுப்பமாட்டார்கள். திருவிழாவில் சாமி எழுந்தருளும்போது வாகனத்துக்கு முன்னால் இது நடக்கும். உத்தியோகம் என்றால் இதுவல்லவா உத்தியோகம் என்று அதைப் பார்க்கிறபோதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கன்னிப்பூ என்கிற முதல் போக அறுப்பு முடிந்த சமயம். ஒரு காலையில் அந்தக் காளை தானாக நடந்து தொழுவுக்குள் வந்து பூவரச மர நிழலில் நின்றது. அக்கா பழக்கப்படி படலைச் சாத்திவிட்டாள். சாத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்து, "ஐயோ எனக்க ஈஸ்வரா!" என்று அலறினாள். அதற்குள் பால் கொண்டுபோன ஒருத்தி கண்ணில் பட்டுவிட்டது. சாமி காளையைக் கொண்டியில் அடைத்தாயிற்று என்ற செய்தி எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் முற்றம் கொள்ளாத கூட்டம்.

கூட்டத்துக்கு முன்னால் நின்றவர், திருவிழாவில் சாமி தூக்குகிறவர்களின் தலைவர். நல்ல நிலபுலம் உள்ள விவசாயி. வாகனத் தண்டு அழுத்தி அழுத்தி அவர் வலது தோள் காய்த்துப் போயிருக்கும்.

"ஆரு அடைச்சது?" என்று கேட்டார்.

"நான் அடைக்கல்லே அண்ணாச்சி, கை சாத்திட்டு" என்றாள் அக்கா.

"கை தனியா வந்து சாத்திச்சோ?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

அப்போது காற்று எங்கள் பக்கம் திரும்பியது. அழுகல் நாற்றம். மாடுகளோடு கிடக்கிற நானே மூக்கைப் பொத்திக்கொண்டேன். டாக்டர் உள்ளே போய்க் காளையின் பக்கத்தில் நின்று பார்த்தார். வேறு எந்தக் காளையோடு முட்டியதோ, இடது கொம்பு அடியில் விரிந்து, உள்ளே புழு நெளிந்தது. வலி தாங்காமல் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தது. திரும்பி வந்த டாக்டர், கொம்பை அடியோடு அறுக்க வேண்டும், இன்றைக்கே அறுக்க வேண்டும், அழுகல் மண்டைக்குள் இறங்கிவிட்டால் காளை பிழைக்காது என்றார். நான் தமிழில் சொன்னேன்.

"அறுக்க என்னா செய்வியோ?" என்று தலைவர் கேட்டார்.

"கயிறு போட்டுப் படுக்க வைக்கணும்" என்றேன்.

"கயிறா? அது மட்டும் செய்யாண்டாம்" என்றார் தலைவர். பின்னால் இருந்து இன்னொரு குரல், "கொம்பு போன காளை சாமிக்கு ஆகுமாவே?" என்று கேட்டது. ஆகாது என்று சிலர். ஏன் ஆகாது என்று சிலர். காளை சாவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்போ புழுத்துச் சாகட்டும்னு சொல்லுகேரா?" என்று கத்தினேன். டாக்டரின் காதில், இது சர்க்கார் இடம், போலீசைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திவிட்டு நாமே காரியத்தை முடிப்போம் என்றும் சொன்னேன். என் கையில் விட்டிருந்தால் அன்று அடிதடிதான் நடந்திருக்கும்.

டாக்டர் தலையை ஆட்டினார். "மாட்டினு ஆள் உண்டு. ஆள் வெளியில் நில்க்குந்நு" என்றார். உடையவன் கையிலிருந்து கயிற்றை வாங்காத அதே வழக்கம்.

பிறகு படலைத் திறக்கச் சொன்னார். காளை போவதானால் போகட்டும் என்றார். அக்கா திறந்தாள். காளை போகவில்லை. படல் விரியத் திறந்து கிடந்தது, அது நிழலிலேயே நின்றது. அதைப் பார்த்ததும் கூட்டத்தின் இரைச்சல் பாதியாகக் குறைந்தது.

தலைவரை மட்டும் உள்ளே அழைத்தார். "நோக்கு" என்று சொல்லி, டர்பன்டைனைக் கொம்பின் பிளவில் ஊற்றினார். புழுக்கள் கொத்தாக வெளியே வந்து விழுந்தன. தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் விலகிப் போகவில்லை.

"கொம்பு இல்லாத்த காளை சாமிக்கு ஆகுமோ எந்நு எனிக்கு அறியில்லா. அது நிங்ஙள் பறயணும். கயிறு இல்லாதெ எனிக்குச் செய்யான் பற்றில்லா. அதும் சத்தியம். இனி எங்ஙனெ வேணும் எந்நு நிங்ஙள் பறயூ" என்றார் டாக்டர். கொம்பில்லாத காளை சாமிக்கு ஆகுமா என்று அவருக்குத் தெரியாது, கயிறில்லாமல் அவரால் முடியாது, எப்படி வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் தமிழாக்கினேன். சொல்லிவிட்டு அவர் ஒரு சாணிக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். படித்த மனுஷன், சர்க்கார் அதிகாரி, முற்றம் நிறைய ஆட்கள் பார்க்க, பதிலுக்காகக் காத்திருந்தார். நான் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்த ஒருவரை அதற்கு முன் பார்த்ததில்லை.

தலைவர் காளையின் நெற்றியில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றார். கடைசியில் அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏலே, திருவிழாவிலே நம்ம சாமி வாகனத்து மேலே எப்பிடி இருக்காரு?"

"கட்டித்தான் அண்ணாச்சி."

"என்னத்தைக் கொண்டு கெட்டுகோம்?"

"கயிறு கொண்டு."

"சாமியே அந்தக் கயித்துக்குள்ளே அடங்கி இருக்காரு. அவருக்க காளை இருக்கப்பிடாதா? போயி எடுத்துட்டு வாங்கலே!"

இரண்டு பேர் கோயிலுக்கு ஓடினார்கள். சாமியை வாகனத்தில் ஏற்றினால் சாய்ந்துவிடாமல் கட்டுவதற்கென்று முறுக்கிய பருத்திக் கயிறு அது. கோயில் பெட்டிக்குள் இருக்கும், வேறு எதற்கும் தொடமாட்டார்கள்.

கயிறு வந்தது. டாக்டர் அதைத் தொடவில்லை. கழுத்தில் ஒரு சுற்று, நெஞ்சில் ஒரு சுற்று, இடுப்பில் ஒரு சுற்று என்று விரலால் காற்றில் வரைந்து காட்டினார். தலைவர் கட்டினார். சாமி தூக்குகிறவர்கள் பின்னால் வரிசையாகப் பிடித்துக்கொண்டார்கள். தலைவர் திருவிழாக் குரலை எடுத்தார்: "பைய... பைய... ஒப்பம்... பைய..." மாட்டை வீழ்த்துவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள், மாடு மிரளும், தொப்பென்று விழும், விலா ஒடிந்ததும் உண்டு. இவர்கள் ஒப்பமாக, ஒரே கையாக இழுத்தார்கள். காளை முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை மடக்கி, அசைபோடப் படுக்கிற மாதிரி வைக்கோல்மேல் படுத்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், எனக்கு நீ இப்படி ஒருநாளாவது செய்து காட்டியிருக்கிறாயா என்ற கேள்வி இருந்தது.

கொம்பின் அடியில் மரத்துப்போக ஊசி போட்டு, இரம்பம் வைத்து அறுத்தோம். ரத்தத்தை அடக்கி மருந்துப் பொடி தூவிக் கட்டுப்போட்டோம். ஈ மொய்க்காமல் இருக்கக் கட்டின்மேல் கீல் பூசவேண்டும். கறுப்பாக, தார் மாதிரி இருக்கும். கடைசியில் காளை ஒரு உதறு உதறியதில் கீல் டப்பா உருண்டு, அதில் இருந்தது பாதியும் கயிற்றின்மேல் கொட்டியது. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். தலைவர் கறையைப் பார்த்தார், கயிற்றை அவிழ்த்தார். காளை எழுந்து நின்றது.

கீல் எந்தச் சோப்புக்கும் போகாது என்பது எனக்குத் தெரியும். டாக்டர் அந்த வாரமே அதே கனத்தில் புதுக் கயிறு முறுக்கச் சொல்லி வாங்கி என்னிடம் கொடுத்தனுப்பினார். தலைவர் வாங்கிவைத்துக்கொண்டார். பழையதை ஆற்றில் விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

புண் ஆறுகிற வரை காளை தொழுவிலேயே நின்றது. படல் திறந்தே கிடந்தது. தினமும் தலைவர் வந்து தலையைப் பிடிப்பார், நான் கட்டு மாற்றுவேன். கயிறு தேவைப்படவில்லை. ஒருநாள் அது பாட்டுக்கு எழுந்து கழுநீர் குடிக்க ஊருக்குள் போனது. பிழைத்துவிட்டது. ஆனால் ஒற்றைக் கொம்புக் காளை சாமிக்கு ஆகுமா என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. திருவிழா வரட்டும், முன்னால் நடக்க விடுகிறார்களா பார்ப்போம் என்றார்கள். டாக்டர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. விடவில்லை என்றால், உயிரைக் காப்பாற்றி வேலையைப் பறித்த மாதிரி ஆகிவிடும் அல்லவா?

மார்கழியில் திருவிழா. ஒரு வீட்டில் பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு நானும் டாக்டரும் காலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். எதிரே மேளச் சத்தம். ஓரமாக ஒதுங்கி நின்றோம். முதலில் காளை வந்தது. கொம்பு போன இடத்தில் சந்தனம் அப்பியிருந்தார்கள், இருக்கிற கொம்பில் பிச்சிப்பூ. பழைய நடையில், யாரையும் மதிக்காமல் எங்களைத் தாண்டிப் போனது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதன் பின்னால் ரிஷப வாகனத்தில் சாமி. பட்டின்மேல், நெஞ்சுக்குக் குறுக்கே ஓடிய கயிற்றில் ஒரு முழத்துக்குக் கறுப்பாகக் கறை. எங்கள் கீல்.

எங்களைக் கண்டதும் தலைவர் குரல் கொடுத்து வாகனத்தை நிறுத்தினார். நான் கிட்டப் போய், "அண்ணாச்சி, புதுக் கயிறு தந்தோமே?" என்றேன்.

தண்டு தோளில் அழுத்த, தலையைத் திருப்பாமல் அவர் சொன்னார்: "புதுசு உங்க ஆசுபத்திரிக்கு வரும், அடுத்த மாட்டுக்கு ஆகும். இந்தக் கயிறு இத்தன காலம் சாமியைக் கெட்டத்தான் செஞ்சுது மக்கா. ஒருநாள்தான் சாமிக்க சோலி பாத்துது. அதையா களையச் சொல்லுகே?"

"எந்தா பறஞ்ஞது?" என்று டாக்டர் கேட்டார். அவருக்கு நான் தமிழை மலையாளமாக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கயிற்றைப் பார்த்தார். பிறகு ரோட்டோரத்தில் குனிந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார்.