இன்ஃபெக்டோரியா என்றால் சாயம்

போன மாதம் நரைக்குப் பூச அவுரிப்பொடி வாங்கினேன். இந்த வயதிலும் அந்த ஆசை விடவில்லை. பெட்டியில் 'இண்டிகோஃபெரா டிங்டோரியா' என்று போட்டிருந்தது. டிங்டோரியா என்றால் சாயம் தருவது. லத்தீன் அர்த்தம் தெரிந்து தலைக்குப் பூசுகிறவள் வெள்ளவத்தையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். தாவரங்களைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் கொட்டாஞ்சேனைப் பிலோமினா. லத்தீன் பெயர்களுக்கு அகராதியில் அர்த்தம் பார்ப்பது அவள் வேலை. மக்குலாட்டா, கறை பட்டது. டிங்டா, சாயத்தில் தோய்ந்தது. ஒருநாள் ஆலமரத்துக்கு உறவான ஒரு மரம் வந்தது: ஃபைகஸ் இன்ஃபெக்டோரியா.

இன்ஃபெக்ஷன் என்று காதில் விழ, "பாவம், இந்த மரத்துக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டேன்.

"வருத்தமில்லையடி. இதுவும் சாயந்தான். பட்டையிலே எடுப்பாங்களாம்."

அன்று மிச்ச வேலையை வீட்டில் முடிக்கலாமென்று பட்டைத் துண்டுகளையும் அவற்றில் கட்ட வேண்டிய பெயர் அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டேன். பம்பலப்பிட்டிச் சோதனைச் சாவடியில் பொலிஸார் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்த பெண் கான்ஸ்டபிள் பையைக் கவிழ்த்தாள். ஒரு பெயர் அட்டையை எடுத்து எழுத்துக்கூட்டினாள்.

"இன்ஃபெக்ட்... லெடத?"

நோயா என்று கேட்கிறாள். கையில் ஒட்டிய பட்டைத்தூளை அவசரமாகத் தட்டிவிட்டாள். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. பேக்கரியில் பாண் வாங்கவும் டிக்கெட் எடுக்கவும் மட்டுமே போதுமான சிங்களம் என்னுடையது. அப்படி இறக்கப்பட்டு வீடு திரும்பாதவர்களை எனக்குத் தெரியும். வேறு சொல் வராமல் தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

"நோயில்லை... சாயம்."

அவள் நிமிர்ந்தாள். "சாயம்?"

சேலைத் தலைப்பின் சிவப்பைத் தொட்டுக் காட்டினேன்.

"ஆ, சாயம்."

சிங்களத்திலும் அதே சொல் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊரில் தன் அம்மா மரக்கட்டையை அவித்து, பாய் பின்னும் புல்லுக்குச் சாயம் ஏற்றுவதை அவள் கையைச் சுழற்றிக் காட்டினாள். பிறகு குனிந்து அட்டைகளைப் பொறுக்கித் தந்தாள். அடுத்த பஸ்ஸை அவளே நிறுத்தி என்னை ஏற்றிவிட்டாள்.

மறுநாள் நடந்ததைச் சொன்னதும் பிலோமினா அகராதியை மூடி வைத்தாள். "நான் இவ்வளவு லத்தீன் பாத்து என்ன? உன்ர தமிழ்தானே உன்னைப் பஸ் ஏத்தியிருக்கு."

அந்தச் சாவடி இப்போது இல்லை. அலுவலகம் இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் எழும்பிவிட்டது. இன்ஃபெக்டோரியா என்ற பெயரும் போய்விட்டது. அதே மரத்துக்கு அதற்கும் முன்னரே வைத்திருந்த ஒரு பெயரையே இப்போது வழங்குகிறார்கள்: விரென்ஸ். பச்சை பிடிப்பது என்று அர்த்தம்.