மியூசியத்தின் பின்பக்கம்

ரெங்கம்மா கொழும்பைச் சுற்றிப் பார்க்கப் போனாள் என்று சொன்னால் எங்கள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் சிரிப்பார்கள். அவள் போனது மகளைப் பார்க்க.

மகள் விஜயலெட்சுமி மூன்று வருடமாகக் கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு நின்றாள். எப்போது ஃபோன் எடுத்தாலும் "நல்லா இருக்கேம்மா" என்பாள். பக்கத்தில் வீட்டுக்காரம்மா செருமுவது கேட்கும். உண்மையிலேயே நல்லா இருக்கிறாளா என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். ரெங்கம்மாவுக்கு அதைத் தவிர வேறு நினைப்பில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, சண்டை ஓய்ந்திருந்த நேரம். எங்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துக் கனகசபை மாஸ்டர் தலைநகரம் காட்ட ஒரு பஸ் பிடித்தார். பார்க்கும் இடங்களில் மியூசியமும் ஒன்று என்றார். அது விஜயலெட்சுமி வேலை செய்யும் வீட்டுக்குப் பக்கம். மத்தியானம் மார்க்கெட் போகிற சாக்கில் அங்கே வருவதாக அவள் சொல்லியிருந்தாள்.

இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்கியவர்களை மாஸ்டர் காலையிலிருந்து நடக்க வைத்தார். கோட்டை மணிக்கூட்டுக் கோபுரம், புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல், அப்புறம் மேட்டில் ஒரு பழைய தேவாலயம். எனக்குக் கால் விட்டுப்போனது. மனுஷன் விடவில்லை.

"இது ஒல்லாந்தர், அதுதான் டச்சுக்காரர், கட்டினது. சுவரின்ர தடிப்பைப் பாருங்கோ!"

"நம்ம லயத்து வீடுகளையும் அவங்ககிட்டயே கட்டக் குடுத்திருக்கலாம்" என்று ரெங்கம்மா என் காதில் சொன்னாள். அதுவரை அன்று அவள் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

மியூசியம் வெள்ளை வெளேரென்று புல்வெளிக்கு நடுவே நின்றது. எங்கள் தோட்டத்துத் துரையின் பங்களாவைப் போலப் பத்து மடங்கு இருக்கும். "நான் இங்கயே நிக்கிறேன், நீங்க போங்க" என்றாள் ரெங்கம்மா. நாங்கள் உள்ளே போய் சிம்மாசனம், கற்சிலை எல்லாம் பார்த்து, மாஸ்டரின் விளக்கமும் கேட்டுவிட்டு வெளியே வர வெகுநேரம் ஆகிவிட்டது.

வெளிப்படியில் மார்க்கெட் பையுடன் ஒரு பெண் அழுதுகொண்டு நின்றாள். விஜயலெட்சுமி என்று அடையாளம் கண்டுகொள்ளவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவ்வளவு இளைத்திருந்தாள்.

"அம்மா வரலியா அக்கா?"

"வந்தாளே, உன்னைப் பாக்கத்தானே நின்னா!"

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினாள். நானும் பின்னால் போனேன். அங்கே குழாயடியில், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு ரெங்கம்மா குந்தியிருந்தாள்.

"ஏம்மா இங்க வந்து உக்காந்திருக்கீங்க? நான் அங்க நின்னு நின்னு..."

"தொர பங்களா மாதிரி இருந்துச்சு புள்ள. முன்னால நின்னா வெரட்டுவாங்க. சமைக்கிற குசினிப் பக்கமா, பின்னால வந்துட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"இங்கதான் இருப்பேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று ரெங்கம்மா கேட்டாள்.

"நானும் குசினிப் பக்கமாத்தானேம்மா போய் வர்றேன். தின்னுறது, தூங்குறது எல்லாம் அங்கதான்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ரெங்கம்மா எழுந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். ரெங்கம்மாவின் பெருவிரலும் சுட்டுவிரலும் அதைத் தாராளமாகச் சுற்றி வந்தன.

"நேரமாச்சும்மா. சமைக்கணும், ஏசுவாங்க."

"பஸ்ல ஏறு."

"ஐயோ, சொல்லாமக் கொள்ளாமயா? உடுப்பெல்லாம் அங்க கெடக்கு!"

"கெடக்கட்டும். ஏறு."

மாஸ்டருக்கு விஷயம் புரியவில்லை. "ரெங்கம்மா, சுதந்திர சதுக்கம் இன்னும் பாக்கேல்லையே!" என்றார்.

"நீங்க பாத்துட்டு வாங்க மாஸ்டர். நான் பாக்க வந்ததப் பாத்துட்டேன்."

நாங்கள் சதுக்கத்தைப் பார்த்துவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பி வந்தபோது, விஜயலெட்சுமி அம்மாவின் மடியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் போடாமல் ஏறச் சொல்லி ரெங்கம்மா எங்களுக்குக் கையைக் காட்டினாள்.