இடித் தகரம்

போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் எங்கள் தெரு முனையில் நீளமான ஒரு காம்பவுண்டு சுவர் இருக்கிறது. போன வாரம் அதில் படம் வரைந்தார்கள். ஊரை அழகுபடுத்துகிறார்களாம். சாக்கடைக்கு மூடி போட ஆள் கிடையாது, சுவருக்கு மட்டும் அலங்காரம். வரைந்த பிள்ளைகளில் ஒருத்தி என் அக்கா மகள் நிவேதா. போர்ட் பிளேரில் யார் பிரஷைத் தொட்டாலும் முதலில் வருவது வெள்ளைக்காரன் கட்டிய ஜெயிலின் கோபுரம்தான். அவளும் அதைத்தான் போட்டிருந்தாள். அதுவரை சரி. கோபுரத்துக்குக் கீழே, சுவரின் முழு நீளத்துக்கும், நீலத்தில் ஒரு அலையை எழுப்பி நிறுத்தியிருந்தாள். நுனி வளைந்து, போகிறவர் தலைமேல் விழுகிற மாதிரி.

"எப்படி சித்தி?" என்றாள். மூக்கிலும் பெயிண்ட்.

நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் பால் வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து கடைக்குப் பின்சந்து வழியாகப் போகிறேன். நாற்பது தாண்டிய பொம்பளை ஒரு சுவருக்குப் பயந்து சந்துக்குள் போகிறாள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

படத்தைவிட அந்த வாசனைதான் என்னைத் துரத்தியது. பெயிண்டும், பிரஷ் கழுவுகிற மண்ணெண்ணெயும் வெயிலில் காய்கிற வாசனை. முன்பு நாங்கள் இருந்த தீவில், ஹட் பேயில், எங்களுக்கு நாடகம் போட வந்தவர்களின் திரையில் இருந்த வாசனை அது.

கடல் வந்து போன பிறகு எங்களை மேட்டில் தகரக் கொட்டகைகளில் குடிவைத்திருந்தார்கள். சர்க்கார் பேப்பரில் அதற்கு ஷெல்டர் என்று பேர். சுவர் தகரம், கூரை தகரம், கதவும் தகரம். பகலில் உள்ளே இருந்தால் மனிதன் வெந்துபோவான். ஆனால் அந்தத் தகரத்துக்கு ஒரு உபயோகம் இருந்தது. பூமி நடுங்கினால் நம் காலுக்குத் தெரிவதற்கு முன்னால் அதற்குத் தெரியும். முதலில் ஒரு மூலையில் கிலுகிலுவென்று ஆரம்பிக்கும். அப்புறம் வரிசை முழுக்கப் பிடித்துக்கொள்ளும். "தகரம் பேசுது" என்போம். தமிழ் தெரியாத பெங்காலி வீட்டிலும் தெலுங்கு வீட்டிலும் அதே வார்த்தைதான். தகரம் பேசினால் யாரும் யாரையும் கேட்பதில்லை. பின்னால் இருந்த காட்டு மேட்டுக்கு ஓட வேண்டியதுதான். வாரத்தில் எத்தனையோ தடவை ஓடினோம். அடுப்பில் சோறு கருகாத வீடே கிடையாது.

ஓடாதவள் ஒருத்திதான். என் அக்கா பாக்கியம்.

கடல் வந்த அந்தக் காலையில் அவள் ஓடியவள்தான். வயிற்றில் நான்கு மாதம், கையில் மூன்று வயது செல்வி. தண்ணீரிலிருந்து கரையேறி நின்றபோது கையில் செல்வி இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். எழுதி அழ வைப்பதற்கு என்று தனியாக ஆட்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் தகரம் பேசும்போதெல்லாம் அக்கா பாயிலேயே உட்கார்ந்திருப்பாள். நான்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இழுத்துக்கொண்டு ஓடுவேன். அத்தான் தீவுக் கப்பலில் வேலை. போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து எப்போதாவது வந்து போவார். அப்பா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து முதுகு போனவர், தன்னையே தூக்க மாட்டார். ஆக நான் இல்லாத நேரத்தில் நடுங்கினால் அக்கா என்ன ஆவாள்? கக்கூஸுக்குப் போனாலும் எனக்கு இந்த நினைப்புதான். பாதியில் எழுந்து வந்த நாட்கள் உண்டு.

அவளுக்கு எட்டாம் மாதம் நடக்கும்போதுதான் நாடகக்காரர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். போர்ட் பிளேரில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வில் நாடகம் போடுகிற தமிழ் ஆட்கள். எங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தார்களாம். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு நாடகம், ஜெயில் நாடகம். கைதிகளைக் கப்பலில் ஏற்றி வருவது, புயல், ஜெயில், சவுக்கடி, கடைசியில் கொடி. வருஷா வருஷம் எங்கள் ஊருக்கும் வந்து அதையே போடுவார்கள். பின்திரையில் ஜெயில் வரைந்திருக்கும். அதன் ஏழு சிறகுக் கட்டடங்களையும் ஒரே துணியில் அடக்கியதில் அது ஜெயில் மாதிரியும் இருக்காது, நண்டு மாதிரியும் இருக்காது. முன்னால் கடலுக்கு ஒரு நீலத்துணி, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து ஆட்டுவார்கள்.

அந்தத் துணியை மூட்டையிலிருந்து எடுக்கும்போதே பார்த்துவிட்டேன். நேரே அவர்களுடைய டைரக்டரிடம் போனேன். ஏதோ ஆபீசில் ஹெட் கிளார்க். கழுத்தில் துண்டு, பேச்சில் பெரிய மனுஷத்தனம்.

"சார், இந்தத் துணி வேணாம். இங்க எல்லாரும் தண்ணியில செத்துப் பொழைச்சவங்க."

"பயத்த நேருக்கு நேர் பாத்தாத்தாம்மா அது போகும்," என்றார்.

"அப்ப நீங்க வந்து எங்ககூட ஒரு மாசம் படுத்துப் பாருங்க சார்."

அவர் துணியைத் தோய்த்து இஸ்திரி போடச் சொல்லி யாரிடமோ கத்தினார்.

எங்கள் பக்கம் சீக்கிரமே இருட்டிவிடும். அதனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள். வரிசைகளுக்கு நடுவே இருந்த திடலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அக்கா முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள். நான் அந்தத் துணியின் இரண்டு முனைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துணி வந்தது. ஆட்டினார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். எங்கள் வரிசையில் மீன் விற்கிற மண்டல் தாதா பின்னால் இருந்து குரல் கொடுத்தார்: "அரே பாய், இத்னா சோட்டா பானி? இத்தினி சின்னத் தண்ணியா? எங்க தண்ணியப் பாத்தா இது ஓடிப் போவும்."

ஜனம் சிரித்தது. அந்த ஷெல்டரில் அத்தனை பேர் ஒன்றாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன். அக்காகூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். நானும் கையைத் தளர்த்தினேன். டைரக்டர் சொன்னது சரிதானோ என்றுகூட நினைத்துத் தொலைத்தேன்.

அப்புறம் புயல் காட்சி. இடிச் சத்தத்துக்கு நாடகக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? திரைக்குப் பின்னால் ஆளுயரத் தகரத்தைத் தொங்கவிட்டு, கீழ் முனையைப் பிடித்து உலுக்குவார்கள். எல்லா ஊரிலும் செய்கிற வேலைதான். அவர்களுக்கும் தோன்றவில்லை, துணிக்குச் சண்டை போட்ட எனக்கும் தோன்றவில்லை.

தகரத்தைப் பிடித்த பையன் முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தான். கிலுகிலுவென்று.

யாரும் கத்தவில்லை. அதுதான் பயங்கரம். சிரித்த வாய் மூடுவதற்குள் திடல் முழுக்க எழுந்துவிட்டது. அதற்கப்புறம்தான் "பாகோ, பாகோ", ஓடு ஓடு என்று சத்தம். ஒரு தோள் என்னை இடித்தது, இன்னொன்று சுழற்றியது. நான் பிடித்திருந்த கை போய்விட்டது. நின்றால் மிதித்துவிடுவார்கள், கூட்டம் தூக்கிக்கொண்டு போகிறது. எனக்கு முன்னால் சங்கிலி கட்டிய கைதிகள் நாலு பேர் ஓடினார்கள். அவர்களுக்கும் முன்னால் தொப்பி போட்ட ஜெயிலர் ஓடினார். டைரக்டர் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். எதற்கு ஓடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. தன் தகரத்துக்குப் பயந்து தானே ஓடிய மகாராசன்.

மேட்டில் ஏறி ஒவ்வொரு மரத்தடியாகப் பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பொம்பளைகளையெல்லாம் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கிழவிக்குக் கை ஒடிந்து தொங்கியது. பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம், அந்தக் காலையில் கேட்ட அதே சத்தம். அக்கா இல்லை. அவள் வந்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே தேடினேன், கீழே பார்க்கப் பயந்துகொண்டு.

பிறகு இறங்கி ஓடினேன். எல்லாரும் மேலே பார்த்து நிற்க, நான் ஒருத்தி கடலைப் பார்த்து ஓடினேன். தண்ணீர் வந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டுதான் ஓடினேன்.

திடலில் பாய்களும் செருப்புகளும் கிடந்தன. நீலத்துணி மண்ணில் சுருண்டு கிடந்தது. முன்வரிசையில் அதே இடத்தில், அதே மாதிரி காலை நீட்டி அக்கா உட்கார்ந்திருந்தாள். இடி அடித்த பையன் தகரத்தைக் கையில் பிடித்தபடி அவளுக்கு எதிரே நின்றான். பேய் அறைந்த முகம். "நான் என்னக்கா செஞ்சேன்?" என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

எனக்கு வந்த கோபத்தில் அக்காவை அடிக்கவே கையை ஓங்கிவிட்டேன்.

"ஏன் ஓடி வரல?"

"இடித் தகரம்னு தெரியும்டி. வருஷா வருஷம் பாக்குறதுதானே."

அப்பாடா என்று நான் மண்ணில் உட்கார்ந்தேன். அவள் தகரத்தையே பார்த்துக்கொண்டு, விலை கேட்கிற குரலில் சொன்னாள்: "தெரியாட்டியும் ஓடியிருக்க மாட்டேன்."

இதைவிடப் பயந்தது என் வாழ்நாளில் இல்லை. கடல் வந்த அன்றுகூட இல்லை. அன்றிலிருந்து படுக்கும்போது அவள் முந்தானையையும் என் தாவணியையும் முடிந்து போட்டுக்கொண்டேன். அவள் கட்டிப் போட்ட மாடு மாதிரி கிடந்தாள்.

நிவேதா பிறந்து இருபது நாள் இருக்கும். விடிகிற நேரம் தகரம் பேசியது, நிஜத் தகரம். நான் முடிச்சை இழுத்தேன், மறுமுனையில் ஆள் இல்லை. என் தாவணியில் கிழிந்த முந்தானைத் துண்டு மட்டும் தொங்கியது. வெளியே வந்து பார்த்தால் எல்லாருக்கும் முன்னால், பிள்ளையை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பாவாடை முழங்காலுக்கு ஏற அக்கா மேட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. ஓடு, ஓடு என்று கத்தியபடியே பின்னால் ஓடினேன். அழுதேனா சிரித்தேனா, தெரியவில்லை.

அந்த ஷெல்டர் இப்போது இல்லை. தகரத்தைப் பழைய இரும்புக்காரர்கள் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். நாடகக்காரர்கள் அன்று கப்பல் ஏறியவர்கள்தான், பிறகு எங்கள் பக்கம் தலை காட்டவில்லை. டைரக்டர் ரிட்டயராகி மெயின்லேண்டு போய்விட்டதாகக் கேள்வி. அவர்கள் விட்டுப்போன நீலத்துணியைப் பொம்பளைகள் குளிக்கிற இடத்தில் மறைப்புக்குக் கட்டினோம், ஒரு மழைக்காலத்தில் அதுவும் மக்கிப் போனது. இங்கே நாங்கள் இருப்பது கான்கிரீட் வீடு. போன மாதம் நில நடுக்கம் வந்ததாம். வீட்டில் ஒரு டம்ளர்கூட அசையவில்லை. நிவேதா போனைப் பார்த்துச் சொன்னாள். போன் சொல்லித்தான் எங்கள் காலுக்கடியில் நடப்பது எங்களுக்குத் தெரிகிறது.

ஷெல்டரைப் பிரித்தபோது ஒரு துண்டுத் தகரத்தை நான் எடுத்து வந்தேன். சமையல்கட்டுக்குப் பின்னால் இரண்டே ஆணியில் தொளதொளவென்று அடித்து வைத்திருக்கிறேன். காற்றடித்தாலும் கத்தும், காக்கா உட்கார்ந்தாலும் கத்தும். நேற்று அடுத்த தெருச் சுவரில் வரைந்துவிட்டுப் பெயிண்டுக் கையோடு வந்த நிவேதா அதைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"சித்தி, இதக் கழட்டிப் போடேன். தூங்கவே முடியல."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா உள்ளே இருந்து சொன்னாள்: "அதுல கை வச்ச, பாத்துக்க."