நாலு பேருக்காக நான் போட்ட கையெழுத்து

அந்தக் கையெழுத்தைப் போட்ட நாளிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது.

நான் தென்காசிக்காரி. ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் துறைத் தலைவியாக இருந்தேன். வருஷா வருஷம் அங்கீகாரம் தொடர, இத்தனை ஆசிரியர்கள் இருந்தாக வேண்டும். என் துறையில் ஆறு பேர் என்று காகிதம் சொன்னது. பாடம் நடத்தியது நானும் இன்னொருத்தரும்தான். மற்ற நாலு பேரும் காலையில் வந்து, போனில் முகத்தைக் காட்டி வருகையைப் பதிந்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார்கள்.

ஆறு பேரும் முழுநேரம் வேலை பார்ப்பதாக நான் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டேன் என்றேன்.

மேலாளர் சிரித்தார். "அங்கீகாரம் போச்சுன்னா பிள்ளைங்க படிப்பு என்ன ஆவும் மேடம்? உங்க ஒரிஜினல் சர்டிபிகேட் பூரா நம்ம பீரோலதான இருக்கு. எங்கன போயி வேலை தேடுவீய?"

போட்டுவிட்டேன்.

அப்புறம் விலகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. பொய் வெளியே வந்தால் என் டாக்டர் பதிவே போகும். பிள்ளைகள் "மேடம்" என்று கூப்பிட்டாலே உடம்பு கூசும். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் குற்றாலம் கோயிலில் குழல்வாய்மொழி அம்மை முன்னால் நின்று அழுவேன். "தாயே, சோதனைக்கு ஆளே வராமப் பண்ணு." அது ஒன்றுதான் என் வேண்டுதல்.

போன சாரல் சீசனில் ஒரு திங்கட்கிழமை, அங்கீகாரச் சோதனைக் குழுவினர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள்.

குழுவில் வந்த ஒரு அம்மா பட்டியலைப் பார்த்தார். "மீதி நாலு பேர் எங்கே?"

"லீவு மேடம்" என்றார் மேலாளர், என் முதுகுக்குப் பின்னால் நின்று.

அந்த அம்மா என்னையே பார்த்தார். "டாக்டர், நீங்க சொல்லுங்க."

தாயே என்றேன், மனசுக்குள். அவ்வளவுதான்.

"நாலு பேரும் முகத்தைக் காட்டிட்டுப் போயிருதாங்க மேடம். பொய்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டது நான்தான்."

பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "ஏட்டி, இத்தனையையும் தனியாவா சுமந்த?" என்றார். ரெண்டு பேரும் அழுதோம்.

அந்த வருஷம் கல்லூரியில் புதுச் சேர்க்கை நின்றது. படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வரவில்லை. நிஜமான ஆசிரியர்களை வைத்த பிறகுதான் மறுபடி அனுமதி கிடைத்ததாம். என் சர்டிபிகேட்டுகள் கைக்கு வந்தன. வேலையை விட்டுவிட்டேன். என் மேல் விசாரணை இன்னும் நடக்கிறது. எது வந்தாலும் ஏற்றுக்கொள்வேன்.

அவர்கள் வரக் கூடாது என்று நான் கேட்டேன். அம்மை வரவழைத்தாள். அதுதான் என்னை வெளியே கொண்டுவந்தது.

என்னைப் போல மாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அவளிடம் ஒரு நிமிஷத் தைரியம் கேளுங்கள். எனக்குக் கொடுத்தாள். உங்களுக்கும் கொடுப்பாள்.