டம்ப்ரில் பார்த்துக்கொள்பவன்

தினமும் புனே பக்கத்துச் சிஞ்ச்வட்டிலிருந்து லோக்கல் ரயிலில் போய், ஒரு பழைய சர்க்கார் கிடங்கில் நான் செய்கிற முதல் வேலை, உட்காரக் கூடாத ஒரு நாற்காலியைத் துடைப்பது. துடைத்துவிட்டு, பக்கத்தில் மரப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். சத்தியமாக அது என் நாற்காலி. ஜுனா பஜாரில் பழைய சாமான்களுக்கு நடுவே தேடி நானே வாங்கிவந்தது.

ஊரில் இருப்பவர்கள் சிரிக்காமல் கேளுங்கள். சில மாதம் முன்பு ஆவடிக்கு மாற்றல் வந்தது. மனைவி அங்கே டீச்சர். மகளை நான் லீவில் மட்டுமே பார்த்திருக்கிறேன். பேடா வாங்கி எல்லோருக்கும் கொடுத்து, பெட்டியும் கட்டியாயிற்று. கிளம்பும் முன் என் பொறுப்பிலுள்ள சாமான்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அடுத்து வரும் ஜாதவிடம் ஒப்படைக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துப் பட்டியலின் கடைசி வரியில் வந்தது வினை: "டம்ப்ரில், மரம், ஒன்று."

"ஹே காய் ஆஹே, அண்ணா?" என்ன இது என்கிறார் ஜாதவ். எனக்கென்ன தெரியும்! முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார்கள், நானும்தான். பாவி மனுஷன் நேர்மையானவர். காட்டினால்தான் போடுவேன் என்றுவிட்டார்.

நூலகத்தில் தலையணை கனத்து அகராதியைப் புரட்டினேன். இங்கிலீஷ்காரர்களே கைவிட்ட சொல்லாம், அதற்குப் போய் இத்தனை அர்த்தம்! சாணி வண்டி. வெடிமருந்து வண்டி. தலைவெட்டக் கூட்டிப்போகும் வண்டி. வாயாடிப் பெண்களை உட்காரவைத்துக் குளத்தில் முக்குகிற நாற்காலி.

நாற்காலி! மரம், ஒன்று! ஜுனா பஜாரில் ஒன்றை வாங்கிவந்து, வெள்ளைப் பெயின்ட்டில் அதன் முதுகில் டம்ப்ரில் என்று எழுதினேன். ஜாதவ் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதில் நிஜமாகவே முக்குவார்களா?" என்று ஹிந்தியில் கேட்டார். "இப்போது நிறுத்திவிட்டார்கள்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலமே பெரிய சாகேப் கூப்பிட்டனுப்பினார். மற்ற கிடங்குகளிலும் இதே வரி தீராமல் கிடக்கிறதாம். "டம்ப்ரில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். உங்களை எப்படி விடுவது?" என்று கைகுலுக்கி, மாற்றலை ரத்து செய்தார். ஆவடியில் காலியாக இருந்த இடத்துக்கு ஜாதவைத் தூக்கிப்போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாதவ் என் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு, புனே ஞாபகமாகவே இருக்கிறது என்று என் மனைவியிடம் புலம்புகிறாராம்.

போன வாரம் எஸ்டிடி பூத்திலிருந்து பேசினேன்.

"அப்பா, டம்ப்ரில் சாப்டுச்சா?" என்றாள் மகள். ஏதோ குட்டி மிருகம் என்று நினைத்திருக்கிறாள்.

"சாப்டுச்சும்மா."

"அது நீங்க இல்லாம இருக்காதாப்பா?"

"இருக்காதாம்."

யோசனை சொன்னாள்: "அதோட அப்பாகிட்ட விட்டுட்டு வந்துடுங்கப்பா."