கேட்காமல் மாற்றிய பெட்டரி

கண்டிப் பக்கம் கல்யாணங்களில் கீபோர்ட் வாசிக்கிறவன் நான். நாதஸ்வரம், உடுக்கை என்று பல வருடம் உட்கார்ந்து நானே உருவாக்கிய சத்தங்கள் என் பழைய ஜப்பான் கீபோர்டில் இருந்தன. போன மாதம் அதில் இரண்டு கட்டைகள் ஊமையாகிவிட்டன. கூடப் போக நேரமில்லாமல், போர்வையில் சுற்றி, குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏற்றி, கலகெதரையில் பழுது பார்க்கிறவருக்கு அனுப்பினேன். பிழை அங்கேதான்.

திரும்பி வந்தபோது கட்டைகள் பேசின. ஆனால் நாதஸ்வரப் பொத்தானை அமுக்கினால் பியானோ வந்தது. என்னுடைய சத்தம் ஒன்றுகூட இல்லை. மறுநாள் முகூர்த்தம்.

பழுது பார்த்தவருக்குப் போன் எடுத்தேன். "உள்ள பெட்டரி பழசா இருந்திச்சுண்ணே. காசு எடுக்காம சும்மாவே புதுசு போட்டுட்டேன்" என்றார், உபகாரம் செய்தவர் போல.

"சேவ் பண்ணினதெல்லாம் அந்தப் பெட்டரியிலதானே நிக்குது. கழட்ட முன்னாடி ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீங்க சொல்லலியேண்ணே."

தாலி கட்டும் நேரத்தில் பியானோ வாசித்தேன். பெண்ணின் அப்பா பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. பழுது பார்த்தவரை மன்னித்துவிடச் சொல்கிறார்கள் வீட்டில். நான் மன்னிக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு சத்தத்தின் அளவுகளையும் கொப்பியில் எழுதி வைக்கிறேன். பழுது பார்க்க நானே கொண்டுபோய், பக்கத்தில் கதிரை போட்டு உட்காருகிறேன். பழுது பார்க்கிறவர் முகம் சுளித்தாலும் எழும்புவதில்லை.