மல்லி, முல்லை, சாமந்தி

வானத்திலிருந்து விழும் கல்லைப் பொறுக்கும் பைத்தியம் எனக்கு எழுபதுகளின் தொடக்கத்தில் பிடித்தது. எந்தெந்த ஊரிலோ விழுந்த கற்களின் துணுக்குகள், மிளகளவு, மயிலாப்பூரில் எங்கள் வாடகை வீட்டுத் தீப்பெட்டிகளில் தூங்கின. அவற்றை எனக்குக் கொடுத்த கல்லூரி விரிவுரையாளர் ஓயாமல் ஒன்றையே சொல்வார்: விழுந்ததைக் கண்ணால் பார்த்த ஆள் வேண்டும், இல்லாவிட்டால் அதைச் சோதிக்கக்கூட யாரும் தொடமாட்டார்கள்.

கடைசியில் ஒரு கல் என் மொட்டைமாடியிலேயே விழுந்தது. நான் அப்போது குளியலறையில், முகமெல்லாம் சோப்போடு இருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரம். மேலே டொக் என்று சத்தம். துண்டோடு ஓடினேன். காய்ந்த துணிகளை மார்போடு அணைத்தபடி மனைவி படியிறங்கி வந்தாள். உதடுகள் முணுமுணுத்தன: "மல்லி, முல்லை, சாமந்தி, கனகாம்பரம்..."

எனக்குப் புரிந்துவிட்டது. எரிநட்சத்திரத்தைப் பார்த்துவிட்டால் பூப்பெயர் சொல்ல வேண்டும், பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும், பார்த்ததை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. என்னை ஒழிப்பதற்கென்றே போட்ட சட்டம். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். முந்தையது தங்கவில்லை.

மாடியில் தளம் பெயர்ந்த இடத்தில் கறுப்புத் தோலோடு சில துணுக்குகள் கிடந்தன. சுடும் என்று நினைத்து இட்லிக்கு ஊதுவதுபோல ஊதி ஊதி எடுத்தேன். சில்லென்று இருந்தன.

தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் ஓடினேன். அவர் எதிர்வீட்டு வேப்பமரத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இன்னாத்த சார் பாத்தேன்? துணியத்தான் பாத்துக்கினு இருந்தேன். பொண்ணு கல்யாணத்த வெச்சிக்கினு கீறேன், என்ன இழுக்காத."

தெருவில் கேட்ட இடமெல்லாம் இதே கதை. அத்தனை பேரும் அந்த நேரம் பார்த்துத் தரையையே பார்த்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விரிவுரையாளர் வருவதாகச் சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் ஊரார் வீட்டுக் கல்லைப் பொறுக்கியவனுக்கு, வீடு தேடி வந்த கல் அனாதையாகப் போவதா? மனைவியிடம் கெஞ்சினேன். 'பார்த்தேன்' என்று ஒரே ஒரு வார்த்தை. அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"போன தடவ நான் எதையோ பாத்துட்டு வாய்விட்டுச் சொல்லியிருக்கேன். அதான் அப்படி ஆச்சு. எனக்கு அதுதாங்க தோணிக்கிட்டே இருக்கு."

அதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரு பிரசங்கம் தயாராக வைத்திருந்தேன். அதை அவிழ்த்துவிடவில்லை. ஆனால் ஆசையும் போகவில்லை. அதுதான் என் லட்சணம்.

விரிவுரையாளர் வந்தார். துணுக்குகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவளிடமே கேட்டார்: "நீங்க பாத்தீங்களாம்மா?"

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்காகச் சொல்லிவிடப் போகிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. உதடு பிரிந்தது.

"அவ அப்போ சமையல்கட்டுல இருந்தா, சார்" என்றேன்.

அவர் துணுக்குகளை என் உள்ளங்கையில் திருப்பிக் கொட்டினார். "மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் போங்க. இஞ்சின் கரி இதே மாதிரி கூடைகூடையாக் கிடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன். ஒருவேளை அவள் வாயைத் திறந்ததே கணக்கில் சேர்ந்துவிடுமோ? பகுத்தறிவுவாதியான நான் சுவரைப் பார்த்து ஆரம்பித்தேன். மல்லி, முல்லை, சாமந்தி. அதற்குமேல் ஒரு பூவும் ஞாபகம் வரவில்லை.

"அப்புறம் என்னடி?" என்று கதவுக்கு உள்ளேயிருந்து கேட்டேன்.

கதவருகே மெட்டிச் சத்தம் வந்து நின்றது.

"கனகாம்பரம்" என்றாள்.